'கிரிட்டிக்கல்' என்றால் என்ன? ஐ.சி.யு. வாசல் முதல் பாலாறு வரை

வேலூரில் இருப்பவருக்கு 'கிரிட்டிக்கல்' என்ற ஆங்கிலச் சொல் பல பக்கத்திலிருந்தும் வந்து சேர்கிறது. அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரியிலோ சி.எம்.சி.யிலோ ஐ.சி.யு.வுக்கு வெளியே காத்திருக்கும் குடும்பத்தாரிடம் "பேஷண்ட் கிரிட்டிக்கல்" என்கிறார்கள். நிலத்தடி நீர்ப் பட்டியலில் பிர்கா (தாலுகாவின் உட்பிரிவு) பெயருக்கு எதிரே 'கிரிட்டிக்கல்' என்று போட்டிருக்கிறது. நாட்டின் மாசுபட்ட தொழிற்பகுதிகளைப் பட்டியலிட்டபோது 'வேலூர் - வட ஆற்காடு' என்ற பெயர் 'கிரிட்டிக்கலி பொல்யூட்டட்' வரிசையில் வந்தது. ராணிப்பேட்டையில் பெல் (பாரத் ஹெவி எலக்ட்ரிக்கல்ஸ்) ஆலையில் வேலை பார்ப்பவர் வீட்டில் 'சூப்பர் கிரிட்டிக்கல்' பாய்லர் பற்றிப் பேச்சு நடக்கும். இன்சூரன்ஸ் ஏஜென்ட் 'கிரிட்டிக்கல் இல்னஸ்' பாலிசி எடுக்கச் சொல்வார்.

இத்தனைக்கும் நாம் ஒரே அர்த்தம் வைத்திருக்கிறோம்: ரொம்ப மோசம். சில இடங்களில் அது பொருந்தும். சில இடங்களில் பாதிதான் பொருந்தும். அணு உலை விஷயத்தில் பொருந்தவே பொருந்தாது. அந்தச் சொல் உண்மையில் சொல்வது, ஒரு விஷயம் எல்லைக்கோட்டுக்கு வந்துவிட்டது என்பதை. இந்தப் பக்கமும் போகலாம், அந்தப் பக்கமும் போகலாம் என்ற இடத்தை. எந்த எல்லை, அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டால் வீண் பயமும் வரும், வரக்கூடாத தைரியமும் வரும். இரண்டாவதுதான் உயிரை வாங்குவது.

வேர்: சலிப்பதும் தீர்ப்பதும்

கிரேக்க மொழியில் 'கிரினெய்ன்' என்றொரு வினைச்சொல். பிரித்தெடு, தீர்மானி, தீர்ப்புச் சொல் என்று பொருள். இன்னும் பின்னால் போனால், கிரேக்கம், லத்தீன், ஆங்கிலம் எல்லாவற்றுக்கும் பொதுவான மூலமொழியில் இதன் வேர் 'சலித்தல்' என்கிறார்கள் மொழியறிஞர்கள். நல்லது ஒரு பக்கம், உமி ஒரு பக்கம். அதே வேரிலிருந்து லத்தீன் வழியாக வந்ததுதான் ஆங்கிலத்தின் 'சர்ட்டன்'. சந்தேகத்தைச் சலித்து எடுத்த பிறகு மிஞ்சுவது நிச்சயம்.

கிரேக்கத்தில் இந்த வினையிலிருந்து ஒரு குடும்பமே கிளைத்தது.

1. கிரிட்டீஸ்: நீதிபதி, நடுவர்.
2. கிரிட்டேரியன்: எதை வைத்துத் தீர்மானிக்கிறோமோ அந்த அளவுகோல்.
3. கிரிட்டிகோஸ்: தீர்ப்புச் சொல்லும் திறன் உடையவர்.
4. கிரிசிஸ்: தீர்ப்பு, முடிவு.

நாலாவது சொல்லை கிரேக்க வைத்தியர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் மருத்துவ நூல்களில் 'கிரிசிஸ்' என்றால் நோயின் திருப்புமுனை. காய்ச்சல் ஏறிக்கொண்டே போய் ஒரு நாளில் உச்சத்துக்கு வரும். அன்றைக்கு நோயாளி வியர்த்துக் கொட்டி எழுந்து உட்காருவார், அல்லது போய்விடுவார். அந்த நாள் எது என்று ஏழாம் நாள், பதினான்காம் நாள் என எண்ணிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பல நூற்றாண்டு கழித்து வந்த கேலன் என்ற வைத்தியர் இந்த நாட்களைப் பற்றித் தனியாக ஒரு நூலே எழுதினார்.

இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. பென்சிலின் வருவதற்கு முன்பு, நுரையீரலின் ஒரு பகுதி முழுவதையும் பிடிக்கும் நிமோனியா ஏறக்குறைய ஒரு வாரம் கழித்துத் திடீரென்று இறங்குவது டாக்டர்கள் கண்ணால் பார்த்த விஷயம். நம் பாட்டிமார்களும் அப்படித்தான் எண்ணினார்கள். "கண்டம் தாண்டணும்" என்று அவர்கள் சொன்னதில் அந்தப் பழைய கிரேக்கப் பொருள் அப்படியே இருக்கிறது. கண்டம் என்பது நோயின் பெயர் இல்லை, நோயின் அளவும் இல்லை. தாண்ட வேண்டிய ஓர் இடம்.

கிரேக்கத்திலிருந்து லத்தீனுக்குப் போய், அங்கிருந்து 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தச் சொல் ஆங்கிலத்தில் ஏறியது. ஏறும்போதே இரண்டு மூட்டைகளோடு வந்தது. நடுவர் வழியாக வந்த பொருள்: குறைநிறை பார்ப்பவர், குற்றம் கண்டுபிடிப்பவர். வைத்தியர் வழியாக வந்த பொருள்: நோயின் திருப்புமுனை. இன்றைக்கும் 'கிரிட்டிக்கல்' என்ற சொல்லைப் பார்த்ததும் முதலில் கேட்க வேண்டியது, இது நடுவர் மூட்டையா வைத்தியர் மூட்டையா என்பதுதான்.

ஆஸ்பத்திரியில் அந்தச் சொல்

நம் ஊரில் இந்தச் சொல் அதிகம் காதில் விழும் இடம் இதுதான். ஒரே கட்டடத்துக்குள் நான்கு வேறு பொருளில் அது வழங்குகிறது. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

1. நோயாளியின் நிலை

ரத்த அழுத்தம், நாடித் துடிப்பு, மூச்சு, ஆக்சிஜன் அளவு, உடல் சூடு ஆகியவை இருக்க வேண்டிய எல்லைக்குள் இல்லை, எந்த நேரமும் மாறலாம் என்ற நிலையைத்தான் டாக்டர் 'கிரிட்டிக்கல்' என்கிறார். அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் சங்கம் நோயாளியின் நிலையை வெளியே சொல்வதற்குச் சில படிகளைப் பரிந்துரைத்திருக்கிறது: நன்று, பரவாயில்லை, தீவிரம், கிரிட்டிக்கல். 'ஸ்டேபிள்' என்ற சொல்லைப் படியாகப் பயன்படுத்த வேண்டாம், மற்ற படிகளோடு சேர்த்தும் சொல்ல வேண்டாம் என்றும் அந்தச் சங்கம் சொல்கிறது. காரணம் எளிது. கிரிட்டிக்கல் என்றாலே நிலையில்லாதது. 'கிரிட்டிக்கல், ஆனால் ஸ்டேபிள்' என்பது தன்னைத்தானே மறுத்துக்கொள்ளும் வாக்கியம்.

ஆனால் தலைவர்கள், நடிகர்கள் அட்மிட் ஆகும்போதெல்லாம் வரும் மெடிக்கல் புல்லட்டின்களில் அந்த வாக்கியத்தைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறோம். ஐ.சி.யு. வாசலில் நிற்கும் சாதாரணக் குடும்பத்துக்கும் அதே வாக்கியம்தான் கிடைக்கிறது. "ஸ்டேபிளா இருக்காரு" என்றதும் "தேவலையாம்" என்று ஊருக்கு போன் போகிறது. டாக்டர் சொன்னதோ, போன தடவை பார்த்ததிலிருந்து எண்கள் மாறவில்லை என்பதை மட்டும். அந்த எண்களை மாறாமல் பிடித்துவைத்திருப்பது வென்டிலேட்டராக இருக்கலாம். ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்க பம்ப் வழியாக ஏறிக்கொண்டிருக்கும் நார் அட்ரினலின் மருந்தாக இருக்கலாம்.

அதனால் சொல்லை விட்டுவிட்டுக் கீழ்க்கண்ட மூன்றையும் கேட்பது நல்லது. கேட்க நமக்கு உரிமை உண்டு; பெரும்பாலான டாக்டர்கள் பதில் சொல்வார்கள்.

- எந்தெந்த உறுப்பு தானாக வேலை செய்யவில்லை?
- மெஷின், மருந்தின் துணை நேற்றைவிடக் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? வென்டிலேட்டரில் நேற்று 80 சதவீத ஆக்சிஜன் வைத்திருந்தவருக்கு இன்று 50 போதுமானதாக இருந்தால், பலகையில் 'கிரிட்டிக்கல்' என்றே இருந்தாலும் வண்டி சரியான பக்கம் திரும்பியிருக்கிறது.
- எதைப் பார்த்தால், எத்தனை மணி நேரத்தில், எந்தப் பக்கம் என்று தெரியும்?

"48 மணி நேரம் போகட்டும், அப்புறம்தான் சொல்ல முடியும்" என்று டாக்டர் சொல்வதைக் கைகழுவும் பேச்சாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. தீர்ப்பு இன்னும் வரவில்லை என்கிறார், அவ்வளவுதான். கிரேக்க வைத்தியர் சொன்னதும் இதே.

2. லேப் ரிப்போர்ட்டில்

ரத்தப் பரிசோதனை முடிவில் சில எண்களுக்கு எதிரே 'கிரிட்டிக்கல்' என்று குறியிட்டிருப்பார்கள். 1972-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் லண்ட்பெர்க் என்ற மருத்துவர் எழுதிவைத்த முறை இது. அவர் வைத்த பெயர் 'பானிக் வேல்யூ'. பிற்பாடு 'கிரிட்டிக்கல் வேல்யூ' என்பது பரவலானது. ஒரு குறிப்பிட்ட எல்லையை எண் தாண்டினால், ரிப்போர்ட் அச்சாகி வரும்வரை காத்திருக்காமல், லேப்காரர் உடனே டாக்டருக்கு போன் செய்து சொல்ல வேண்டும் என்பதே இதன் சாரம்.

பொட்டாசியத்தை எடுத்துக்கொள்வோம். சாதாரணமாக 3.5-லிருந்து 5 வரை இருக்கும். 6-ஐத் தாண்டிப் போகப் போக இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுபோகும் அபாயம் கூடுகிறது. ஆள் எழுந்து நடந்துகொண்டு, பேசிக்கொண்டு இருக்கும்போதே. கிட்னி பழுதானவர்களுக்கு இது அடிக்கடி வரும். "நல்லாத்தானே இருக்காரு, நாளைக்குக் காட்டிக்கலாம்" என்று வீட்டில் சொல்வது இங்கேதான் ஆபத்து. இன்னொரு பக்கமும் உண்டு. ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்துவிட்டால் உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே வந்து எண்ணைப் பொய்யாக ஏற்றிக்காட்டும். அதனால்தான் டாக்டர் மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்வதும், ஈ.சி.ஜி. பார்ப்பதும். ஆக, ரிப்போர்ட்டில் வரும் 'கிரிட்டிக்கல்' நோயின் பெயரைச் சொல்வதில்லை. நேரம் இல்லை என்று சொல்கிறது.

3. டெங்குவின் 'கிரிட்டிக்கல் கட்டம்'

மழைக்காலம் தோறும் நம் பக்கத்தில் டெங்கு வருகிறது. இந்தச் சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டால் உயிர் போகும் இடம் இது என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டுதல் டெங்குவை மூன்று கட்டமாகப் பிரிக்கிறது. முதல் கட்டம் காய்ச்சல். இரண்டு முதல் ஏழு நாள் வரை கொதிக்கும். மூன்றாவது, தேறும் கட்டம். நடுவில் இருப்பதுதான் கிரிட்டிக்கல் கட்டம். அது தொடங்குவது எப்போது? காய்ச்சல் ஏறும்போது இல்லை, இறங்கும்போது. பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் உடம்பு சூடு தணியும். அம்மா நெற்றியில் கை வைத்துப் பார்த்து "விட்டிருச்சு" என்று பெருமூச்சு விடுவார். சிலருக்கு அதே நேரத்தில் மெல்லிய ரத்தக் குழாய்களிலிருந்து நீர் வெளியே கசியத் தொடங்குகிறது. ரத்தம் கெட்டிப்படுகிறது, தட்டணுக்கள் குறைகின்றன, ரத்த அழுத்தம் விழுகிறது. இந்தக் கசிவு ஏறக்குறைய 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். அதைத் தாண்டிவிட்டால் வெளியேறிய நீர் திரும்ப ரத்தத்துக்குள் வந்து ஆள் தேறிவிடுவார்.

எல்லோருக்கும் கசிவு வராது. பெரும்பாலானோர் காய்ச்சல் விட்டதும் தேறிவிடுகிறார்கள். ஆனால் அந்த இரண்டு நாளில் விடாத வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், சோர்ந்து சுருண்டு படுப்பது அல்லது நிலைகொள்ளாமல் புரள்வது, இவற்றில் ஏதாவது தெரிந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இங்கே 'கிரிட்டிக்கல்' என்றால் 'மோசம்' என்று வைத்துக்கொண்டவர், காய்ச்சல் 104 இருக்கும்போது பயந்து ஓடுவார். காய்ச்சல் விட்டதும் டிஸ்சார்ஜ் கேட்பார். 'திருப்புமுனை' என்று வைத்துக்கொண்டவர் காய்ச்சல் விட்ட அன்றுதான் கண்கொத்திப் பாம்பாகக் கவனிப்பார். தன் பழைய பொருளோடு அப்படியே இந்தச் சொல் உயிர் வாழ்வது டெங்கு வார்டில்தான்.

4. இன்சூரன்ஸில்

'கிரிட்டிக்கல் இல்னஸ்' பாலிசி என்றதும், ஆள் ஐ.சி.யு.வில் கிரிட்டிக்கலாகக் கிடந்தால் பணம் வரும் என்று நினைத்து எடுப்பவர்கள் நிறையப் பேர். அது அப்படி வேலை செய்வதில்லை. பாலிசியில் ஒரு நோய்ப் பட்டியல் இருக்கும். குறிப்பிட்ட தீவிரத்தை எட்டிய புற்றுநோய், மாரடைப்பு, நிரந்தரப் பாதிப்பை விட்டுச்சென்ற பக்கவாதம், தொடர்ந்து டயாலிசிஸ் தேவைப்படும் கிட்னி செயலிழப்பு, உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை போன்றவை. ஒவ்வொன்றுக்கும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த வரையறை உண்டு. பட்டியலில் உள்ள நோய், வரையறைக்குப் பொருந்தி உறுதியானால், மொத்தத் தொகையாகத் தருவார்கள். நோய் உறுதியான பிறகு குறிப்பிட்ட நாட்கள் உயிரோடு இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் பல பாலிசிகளில் உண்டு.

டெங்குவில் பத்து நாள் ஐ.சி.யு.வில் இருந்தவர் நிஜமாகவே கிரிட்டிக்கல். ஆனால் டெங்கு பட்டியலில் இல்லை என்றால் இந்தப் பாலிசியில் காசு வராது. அந்தச் செலவுக்குச் சாதாரண மருத்துவக் காப்பீடுதான் வேண்டும். ஆரம்ப நிலைப் புற்றுநோயோடு நடமாடுபவர் யார் கண்ணுக்கும் கிரிட்டிக்கல் இல்லை. அவருடைய நோய் வரையறைக்குள் வந்தால் பணம் வரும். கையெழுத்துப் போடுவதற்கு முன் பாலிசியின் பெயரை விட்டுவிட்டு, அந்தப் பட்டியலைப் படிக்க வேண்டும்.

பாலாற்றங்கரையில் இரண்டு பட்டியல்

இனி மனிதரை விட்டு மண்ணுக்கும் தண்ணீருக்கும் வருவோம். இங்கே குழப்பம் வேறு மாதிரி.

நிலத்தடி நீர். மத்திய நிலத்தடி நீர் வாரியமும் மாநில அரசும் சேர்ந்து கணக்கெடுக்கின்றன. தமிழ்நாட்டில் பிர்கா எனப்படும் குறுவட்டம்தான் இதற்கான அலகு. ஓர் ஆண்டில் எடுக்கத்தக்க நீர் எவ்வளவு, எடுத்த நீர் எவ்வளவு; இரண்டாவதை முதலாவதால் வகுத்துச் சதவீதமாக்குகிறார்கள்.

1. 70 சதவீதம் வரை: பாதுகாப்பானது.
2. 70-க்கு மேல் 90 வரை: செமி கிரிட்டிக்கல்.
3. 90-க்கு மேல் 100 வரை: கிரிட்டிக்கல்.
4. 100-க்கு மேல்: அதிநுகர்வு.

கவனியுங்கள், இங்கே 'கிரிட்டிக்கல்' கடைசிப் படி இல்லை. அதற்கும் கீழே ஒன்று இருக்கிறது. ஒரு பிர்கா 'கிரிட்டிக்கல்' பட்டியலிலிருந்து வெளியே வந்துவிட்டது என்று செய்தி வந்தால் சந்தோஷப்படுவதற்கு முன், எந்தக் கதவு வழியாக வெளியே வந்தது என்று பார்க்க வேண்டும். 88 சதவீதமாகக் குறைந்தாலும் வெளியே வரும். 103 சதவீதமாக ஏறினாலும் வெளியே வரும். நூறு என்ற கோடு எதைக் காட்டுகிறது என்பதும் முக்கியம். அதுவரை எடுப்பது அந்தந்த ஆண்டு ஊறிய நீரை. அதற்கு மேல் எடுப்பது காலம் காலமாகச் சேர்ந்த இருப்பை. பாலாற்றில் வருஷத்தில் பெரும்பாலான நாள் தண்ணீர் மணலுக்கு அடியில்தான் இருக்கிறது. கரையோரக் கிணறுகளும் குடிநீர்த் திட்டங்களும் நம்பியிருப்பது அந்த மணலை. இங்கே அந்தக் கோட்டைத் தாண்டினால் அடுத்த கோடையில் கிணற்றில் வாளி தட்டும்.

மாசு. 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் டெல்லி ஐ.ஐ.டி.யோடு சேர்ந்து நாடு முழுவதும் 88 தொழிற்பகுதிகளைக் காற்று, நீர், நிலம் என்று அளந்து நூற்றுக்கு மதிப்பெண் போட்டது. 60-லிருந்து 70 வரை 'சிவியர்', 70-க்கு மேல் 'கிரிட்டிக்கல்'. 43 இடங்கள் 70-ஐத் தாண்டின. 'வேலூர் - வட ஆற்காடு' என்ற பெயரில் நம் பகுதிக்கு 81.79. நாட்டில் எட்டாவது இடம். மணலியும் கடலூரும் கோயம்புத்தூரும்கூட நமக்குக் கீழேதான் இருந்தன.

ஆக, தண்ணீர்ப் பட்டியலில் 'கிரிட்டிக்கல்' கடைசிக்கு முந்தின படி. மாசுப் பட்டியலில் அதுவே கடைசிப் படி. இரண்டும் அரசுப் பட்டியல்கள், இரண்டும் ஒரே மாவட்டத்தைப் பற்றியவை, சொல்லும் ஒன்றே. செய்தியில் இரண்டையும் ஒரே தமிழ்ச் சொல்லால் எழுதும்போது இந்த வித்தியாசம் காணாமல் போகிறது.

மாசுப் பட்டியலில் அந்தச் சொல்லுக்குச் சட்ட விளைவும் இருந்தது. 2010 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், 'கிரிட்டிக்கல்' என்று குறிக்கப்பட்ட 43 பகுதிகளிலும் புதுத் தொழிற்சாலைகளுக்கும் விரிவாக்கத்துக்குமான சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. மாநிலங்கள் சீரமைப்புத் திட்டம் கொடுத்த பிறகு படிப்படியாகத் தளர்த்தியது. அப்போது 70 என்ற கோட்டுக்கு இந்தப் பக்கம் விண்ணப்பம் நகர்ந்தது, அந்தப் பக்கம் நகரவில்லை. தீர்ப்பு என்ற பழைய பொருள் இங்கே அலுவலகக் காகிதத்தில் திரும்பி வந்துவிட்டது.

வட ஆற்காடு அந்தப் பட்டியலில் திடீரென்று முளைத்துவிடவில்லை. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் என்று பாலாற்றை ஒட்டிய ஊர்களில் தோல் பதனிடும் தொழில் பல தலைமுறைக்குச் சோறு போட்டது. கழிவு, மண்ணையும் கிணறுகளையும் கெடுத்தது. போதாததற்கு ராணிப்பேட்டையில் ஒரு ரசாயன ஆலையின் குரோமியக் கழிவு மலைபோலக் குவிந்து கிடந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை இன்றைக்கும் சட்டக் கல்லூரிகளில் பாடமாகப் படிக்கிறார்கள். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும், கேடு வருமுன் காக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளையும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்த தீர்ப்பு அது. தோல் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுவதுமோ பயிருக்கு உதவாமல் போய்விட்டது என்ற ஆய்வும் அதில் பதிவாகியிருக்கிறது. 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் வேலூர்த் தோல் கழிவு விஷயத்தில் மறுபடி தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. இதையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது, 'கிரிட்டிக்கல்' என்ற சொல் நம் பாலாற்றுக்கு 1996-க்கு முன்பே பொருந்தியது என்பதே என் கருத்து. எண் போட்டுச் சொல்லத்தான் 2009 ஆயிற்று.

பாய்லரும் அணு உலையும்

இயற்பியலில் இந்தச் சொல்லுக்குப் பயமே இல்லை.

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. குக்கர் மாதிரி அழுத்தம் கொடுத்தால் கொதிநிலை ஏறும். இப்படி அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் தண்ணீருக்கும் நீராவிக்கும் வித்தியாசமே இல்லாமல் போய்விடும். இரண்டின் அடர்த்தியும் ஒன்றாகிவிடும், கொதித்தல் என்ற நிகழ்ச்சியே இருக்காது. தண்ணீருக்கு அந்த இடம் 374 டிகிரி செல்சியஸ், ஏறக்குறைய 221 பார் அழுத்தம். கரியமில வாயுவுக்கு 31 டிகிரி. அதைக் கண்டறிந்த தாமஸ் ஆண்ட்ரூஸ் 1869-இல் வைத்த பெயர் 'கிரிட்டிக்கல் பாயின்ட்'. நம் பாடப்புத்தகத்தில் 'மாறுநிலை'.

இந்தக் கோட்டுக்கு மேலே வேலை செய்யும் பாய்லர் சூப்பர் கிரிட்டிக்கல். அதே மின்சாரத்துக்கு நிலக்கரி குறைவாகச் செலவாகும். வடசென்னை மூன்றாம் நிலையின் 800 மெகாவாட் அலகு இந்த வகை. ராணிப்பேட்டை பெல், பாய்லரோடு சேரும் மின்விசிறிகள், காற்றுச் சூடேற்றிகள், சாம்பல் பிடிக்கும் கருவிகள் ஆகியவற்றைச் செய்கிறது. ஆகவே 'சூப்பர் கிரிட்டிக்கல் அனல் மின் நிலையம் வருகிறது' என்று படித்துவிட்டு, மிகமிக ஆபத்தான ஒன்று வருகிறது என்று யாரும் கலங்க வேண்டியதில்லை. நிலக்கரி எரிப்பதைப் பற்றிக் கவலைப்பட வேறு நியாயமான காரணங்கள் இருக்கின்றன. இந்தப் பெயர் அதில் சேராது.

அணு உலையில் இன்னும் தெளிவு. ஒரு யுரேனிய அணு பிளந்தால் சில நியூட்ரான்கள் வெளிவரும். அவற்றில் சராசரியாக ஒன்று போய் இன்னோர் அணுவைப் பிளந்தால் தொடர்வினை ஒரே சீராக ஓடும். ஒன்றுக்குக் குறைந்தால் அணைந்துவிடும், கூடினால் பெருகும். சரியாக ஒன்று என்ற அந்தச் சமநிலைதான் 'கிரிட்டிக்கல்'. கல்பாக்கத்தில் முதல் அணு உலை 1983 ஜூலையிலும், சோதனை வேக ஈனுலை 1985 அக்டோபரிலும் இந்த நிலையை எட்டின. கூடங்குளத்தின் முதல் உலை 2013 ஜூலை 13-இல் எட்டியது. அந்தச் செய்தி அடுப்பு பற்றிக்கொண்டது என்பதைத்தான் சொன்னது. அணு மின்சாரத்தை எதிர்ப்பவரும் ஆதரிப்பவரும் இந்தச் சொல்லுக்கு இந்தப் பொருளை வைத்துக்கொண்டே வாதிடலாம்.

செய்தியில் புதிதாக வரும் இரண்டு

'கிரிட்டிக்கல் மினரல்ஸ்': மத்திய சுரங்க அமைச்சகம் 2023-இல் 30 கனிமங்களை இப்படி அறிவித்தது. லித்தியம், கோபால்ட்டோடு செம்பும் சிலிக்கானும் அதில் உண்டு. பூமியில் அரிது என்று இதற்குப் பொருள் இல்லை. தொழிலுக்கு இன்றியமையாதது, வரத்து தடைபட வாய்ப்பு இருப்பது. இந்த இரண்டும் சேர்ந்தால் கிரிட்டிக்கல்.

கம்ப்யூட்டர் பாதுகாப்பு எச்சரிக்கையில், மென்பொருளில் உள்ள ஓட்டை எவ்வளவு ஆபத்து என்று பத்துக்கு மதிப்பெண் போடுவார்கள். 9-லிருந்து 10 வரை 'கிரிட்டிக்கல்'. இதைப் படித்தால் ஒரே வேலைதான்: அன்றைக்கே அப்டேட் செய்வது.

நடுவர் மூட்டை: குறை சொல்வதும் அலசுவதும்

'கிரிட்டிக்கல்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஆங்கிலத்தில் எந்தச் சின்னச் சொல் ஒட்டுகிறது என்று பார்த்தாலே பாதி விளங்கிவிடும். 'ஆஃப்' வந்தால் குறை சொல்கிறார்: 'கிரிட்டிக்கல் ஆஃப் தி கவர்ன்மென்ட்'. 'டு' வந்தால் அது இல்லாமல் நடக்காது: 'வாட்டர் இஸ் கிரிட்டிக்கல் டு ஃபார்மிங்'. முன்னால் 'வெரி' போட முடிகிறதா என்பது இன்னொரு சோதனை. குறை சொல்லும் மேனேஜரை 'வெரி கிரிட்டிக்கல்' என்னலாம். 374 டிகிரியை அப்படிச் சொல்ல முடியாது. கோட்டுக்குக் கூடுதல் குறைவு கிடையாது.

பள்ளிக்கூடங்களில் இப்போது அடிக்கடி கேட்கும் 'கிரிட்டிக்கல் திங்கிங்' குறை சொல்லும் பழக்கத்தைக் குறிப்பதில்லை. ஆதாரத்தைச் சலித்துப் பார்த்து, ஏற்பதா தள்ளுவதா என்று தீர்மானிக்கும் பழக்கம் அது. ஆங்கிலத்தில் 'கிரிட்டிக்கல் அக்ளெய்ம்' என்றால் விமர்சகர்களின் பாராட்டு. அங்கே குறையே இல்லை. 'குரூஷியல்' என்ற சொல்லோடு பலர் இதைக் கலக்கிறார்கள். பொருள் நெருங்கி வந்தாலும் அதன் பிறப்பு வேறு: சிலுவையைக் குறிக்கும் லத்தீன் சொல், பாதை பிரியும் இடத்தில் நிற்கும் கைகாட்டி மரம் என்ற கருத்தோடு வந்தது. மருத்துவச் சீட்டில் வரும் 'அக்யூட்' என்பதும் வேறு. திடீரென்று வந்தது என்று மட்டும் அதற்குப் பொருள். சாதாரண ஜலதோஷம்கூட அக்யூட்தான்.

தமிழில் எப்படி எழுதுவது

ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று இங்கே நடக்காது. நல்லவேளையாகத் தமிழ் ஏற்கெனவே இதைப் பிரித்து வைத்திருக்கிறது.

- இயற்பியலில் மாறுநிலை: மாறுநிலை வெப்பநிலை, மாறுநிலைக் கோணம்.
- இலக்கியத்தில் திறனாய்வு.
- அரசியல் செய்தியில் விமர்சனம், கண்டனம்.
- ஆஸ்பத்திரிச் செய்தியில் கவலைக்கிடம்.

முதல் மூன்றில் எனக்குக் குறையில்லை. நாலாவதில் உண்டு. 'கவலைக்கிடம்' நோயாளியைப் பார்க்கும் நம் மனதைச் சொல்கிறது. நோயாளி எங்கே நிற்கிறார் என்பதைச் சொல்வதில்லை. இதைவிட, 'அபாய கட்டத்தைத் தாண்டிவிட்டார்' என்று நாளிதழ்கள் எழுதுவது துல்லியம். அதில் கட்டம் இருக்கிறது, தாண்டுவது இருக்கிறது. தாண்டாதவரை 'அபாய கட்டத்தில் இருக்கிறார்' என்றே எழுதலாம். டெங்கு பற்றிய சுகாதாரத் துறைத் துண்டறிக்கையில் 'கிரிட்டிக்கல் கட்டம்' என்று ஒலிபெயர்ப்பதற்குப் பதிலாக, 'காய்ச்சல் விட்ட பின் வரும் அபாய கட்டம்' என்று முழுதாக அச்சிட்டால் படிப்பவர் கை வைக்க வேண்டிய இடத்தில் கை வைப்பார்.

நிலத்தடி நீருக்கு எந்தச் சொல் போட்டாலும் போதாது. 'அபாயகரமானது', 'ஓரளவு அபாயகரமானது' என்று எழுதினால் குடியாத்தத்துக்காரருக்கும் அணைக்கட்டுக்காரருக்கும் தங்கள் கிணற்றைப் பற்றி ஒன்றும் தெரியாது. பிர்கா பெயர், போன கணக்கெடுப்பில் எத்தனை சதவீதம், இந்த முறை எத்தனை என்று மூன்றையும் செய்தியில் போட வேண்டும். 94-லிருந்து 89-க்கு வந்ததா, 94-லிருந்து 106-க்குப் போனதா என்று பார்த்தால், அடுத்த போகத்துக்கு நெல் போடுவதா கேழ்வரகு போடுவதா என்று அவரே தீர்மானித்துக்கொள்வார்.